பதினோரு இரவு துடைத்த வெளிச்சம்

இதை எனக்கு முதலில் சொன்னது என் சம்பந்தி கிரேஸ் பாக்கியம். சின்ன மகளுக்கு நிச்சயம் முடிந்த அன்று, நாங்கள் இரண்டு பேரும் பாத்திரம் ஒதுக்கிவைக்கும்போது சொன்னார்கள். அவர்களுடைய அண்ணன் யேசுவடியானுக்கு நடந்தது இது.

யேசுவடியான் தபால் ஆபீஸில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். ஓய்வுக்குப் பிறகு, மலைமேல் பெரிய தொலைநோக்கி வைத்திருந்த லில்லி டீச்சரிடம் சீடராய்ச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். கண்ணை மூடுமுன் வானத்தில் யாரும் காணாத ஒன்றைக் கண்டுவிட வேண்டும். யேசுவடியானுக்கு இருந்த ஆசை அதுதான்.

நாலு வருஷம் போனது. ஒரு சாயங்காலம் டீச்சருக்கு வானியல் பத்திரிகை வந்தது. தூரதேசத்தில் யாரோ புதிதாய் ஒரு நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டிருந்தார்கள். மிகவும் மங்கல். மற்றக் கூட்டங்களுக்கு இருப்பதுபோல் சுருளும் இல்லை, கையும் இல்லை. பருப்பை ஓரவாக்கில் பார்த்தாற்போல் இருக்குமாம்.

யேசுவடியான் தன் நோட்டைப் புரட்டினார். வானத்தில் அதே இடம். பதினோரு இரவு எழுதியிருந்தார்: “கண்ணாடியில் அழுக்கு. துடைத்தேன்.”

குடையை எடுத்துக்கொண்டார்.

“நான் வாறேன் டீச்சர்.”

“எங்க அண்ணாச்சி?”

“வீட்டுக்குத்தான். வானத்தையே துடைச்சவனுக்கு இங்க என்ன வேலை? இனி வரமாட்டேன்.”

“இருட்டட்டும். ஒருதடவை பார்த்துட்டுப் போங்க.”

இருட்டியது. கீழே ஊர் விளக்குகள் மேகத்துக்குள் கரைந்தன. மலை மட்டும் மிதப்பது போலிருந்தது.

தொலைநோக்கிக் குழாயைத் திருப்பிக் கண்ணை வைத்தார். மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரு வெண்மை.

“குழாயை லேசாத் தட்டுங்க,” என்றார் டீச்சர். “அழுக்குன்னா அசையாம ஒட்டிக்கிட்டிருக்கும்.”

தட்டினார். நட்சத்திரங்கள் நடுங்கின. வெண்மையும் அவற்றோடு சேர்ந்து நடுங்கியது.

“இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா?”

“சொன்னேன். நீங்க துணி தேடிக்கிட்டிருந்தீங்க.”

அவர் கண்ணை எடுக்கவில்லை.

“இந்த வெளிச்சம் கிளம்பி எவ்வளவு காலம் இருக்கும்?”

“மனுஷன் உண்டாகுமுன்னே கிளம்பினது.”

“அவ்வளவு தூரம் வந்ததைத் துடைச்சேனே, டீச்சர்.”

“பதினோரு தடவை துடைச்சும் அது போகல்லை,” என்றார் டீச்சர். “நீங்க எதுக்குப் போறீங்க?”

யேசுவடியான் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

வருகிற வியாழக்கிழமை அவருக்குக் கண் ஆபரேஷன். உங்கள் ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.