ஏசி அறையின் சாவி

வெயிலுக்குப் பேர்போன ஒரு வடதமிழ்நாட்டு ஊரின் சிறையில் நடந்தது இது. அங்கே ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். அதையும் மனிதர்களுக்காகப் போடவில்லை. விசாரணைக் கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகாமல், திரை வழியாக நீதிபதியிடம் காட்டிக் காவலை நீட்டிப்பதற்கு ஒரு கருவி வைத்திருந்தார்கள். சூடேறினால் கருவி நின்றுவிடும். அதனால் ஏசி.

தங்கள் காவல் நீட்டிக்கப்படுவதில் சந்தோஷப்படும் கைதிகள் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் நீட்டிக்கச் சொல்லுங்கய்யா, முதுகு இன்னும் ஆறல" என்பார்கள். தலைமைக் காவலர் கோதண்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர்களை வெளியே கூட்டிவந்து கதவைப் பூட்டுவார். சாவி அவருடைய இடுப்பில். வழக்குக்குக் கூப்பிடப்பட்டவரைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. காலையில் வந்ததும் சாப்பாட்டு டப்பாவை அங்கே வைத்துவிட்டுத்தான் அவர் மற்ற வேலைகளைப் பார்ப்பார். அறைக்கு நேரெதிரே விசாரணைக் கைதிகளின் கொட்டடி.

கோதண்டத்தின் குடியிருப்பு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. சிறைகளில் காற்றும் குளிர்ச்சியும் வேண்டும் என்று பேப்பரில் யாரோ எழுதியிருந்ததை ஒருநாள் வாய்விட்டுப் படித்தார். அவர் மனைவி சகுந்தலா அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"ரெண்டு புள்ளைங்க மேல லாரிய ஏத்துனவன் உங்ககிட்டதான இருக்கான்? அவனுக்குக் காத்து வோணுமாமா? இங்க நான் ஈரத்துணியப் போத்திக்கினு படுக்கிறேன். எனக்கு யாரு எழுதறா?"

கோதண்டம் பேப்பரை மடித்து வைத்தார். அவள் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு படுப்பது உண்மைதான்.

லாரி ஓட்டியவன் பெயர் தணிகாசலம். குடித்திருந்தான் என்றார்கள் சாட்சிகள். பிரேக் பிடிக்கவில்லை என்றான் அவன். எது உண்மை என்று நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் கொட்டடிக்குள் அது முடிவாகிவிட்டிருந்தது. அங்கே காற்று வருவது கம்பிக் கதவின் ஓரத்தில் மட்டும். உள்ளே வந்து அதிக நாளானவனுக்குத்தான் அந்த இடம் என்பது கைதிகளே வைத்துக்கொண்ட வழக்கம். புதியவன் கக்கூஸ் பக்கம் தொடங்கி, ஒவ்வொருவராக வெளியே போகப்போகக் கதவை நோக்கி நகர்வான். தணிகாசலத்தை மட்டும் யாரும் நகர விடவில்லை. "புள்ளைங்களக் கொன்னவன் அங்கியே கெட" என்றார்கள்.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு மதியம் அவன் விழுந்தான். உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. தோல் அடுப்புக்கல்லாகச் சுட்டது. "நவுரு, நவுரு" என்று யாரையோ பார்த்துப் பிதற்றினான். கம்பி ஓரத்தை வைத்திருந்த பலராமன் எழுந்து, தன் இடத்தில் அவனைக் கிடத்திச் சட்டையைக் கழற்றி விசிறினான். அவனைக் கக்கூஸ் பக்கம் விரட்டியவர்களில் இவனும் ஒருவன்.

"அய்யா, எதிர்ரூமைத் தொறங்க. ரெண்டு பேராத் தூக்கிக்கினு வந்துடறோம்."

மதியத்தில் சிறை டாக்டர் இருக்க மாட்டார். கோதண்டம் ஜெயிலருக்குப் போன் செய்தார்.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. வழிக்காவலுக்குச் சொல்லு" என்றார் ஜெயிலர்.

"போலீஸ் வந்து சேர நேரமாவும் சார். அதுவரைக்கும் ஏசி ரூம்ல..."

"கோதண்டம், கைதிய ஏசியில படுக்க வச்சிருக்காங்கன்னு எவனாவது கெளப்பிவிட்டா, பதில் சொல்றது நீயா நானா? ரூல் இன்னாவோ அதச் செய்."

கோதண்டம் வழிக்காவலுக்குச் சொன்னார். தானே தண்ணீர் பிடித்துவந்து ஊற்றினார். ஈரச் சாக்கைப் போர்த்தினார். குழாய்த் தண்ணீரும் வெந்நீராகத்தான் வந்தது. இரண்டு முறை கை இடுப்புச் சாவிக்குப் போனது. இரண்டு முறையும் சகுந்தலாவின் குரல் கேட்டது. எதிரே பூட்டிய கதவின் அடியிலிருந்து குளிர்ச்சி கசிந்து அவருடைய கால்விரல்களைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வழிக்காவல் வந்தது. தணிகாசலத்தின் உயிர் வண்டியிலேயே போய்விட்டது. சேதி வந்த பிறகு, ஏதாவது சாப்பிடுங்கள் என்று யாரோ சொன்னதால் கோதண்டம் சாப்பிட உட்கார்ந்தார். தயிர்சாதம் சில்லென்று இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மறுநாள் சிறை வாசலுக்கு அமுலு என்ற பெண் வந்தாள். இறந்த பிள்ளைகளில் ஒருத்தியின் தாய். சந்தோஷப்படுவாள் என்று கோதண்டம் நினைத்திருந்தார்.

"தீர்ப்பு வரட்டும்னு உக்காந்துகினு இருந்தேன். குடிச்சிருந்தியா இல்லியான்னு அவன் வாயால கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். "யாரக் கேட்டு அனுப்புனீங்க?"

ஜெயிலர் விதியைச் சொன்னார். கோதண்டம் விதியைக் காத்தார். பலராமன், தானே விரட்டியவனுக்குத் தன் காற்றைக் கொடுத்தான். இந்த மூவரில் யார் செய்தது சரி?

பலராமன் என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. அவனிடம் இருந்தது அந்தக் கம்பி ஓரம் மட்டும், அதைக் கொடுத்துவிட்டான். ஜெயிலர் பயந்தார், ஆனாலும் திறக்காதே என்று அவர் சொல்லவில்லை. கோதண்டம் காத்தது விதியைத்தானா என்பதுதான் புதிர். விதிப்படி அந்த அறைக்குள் அவருடைய டப்பாவும் போயிருக்கக் கூடாது. தயிர் புளிக்கக் கூடாது என்று தினமும் திறந்த கதவு அது. சாவை விசாரிக்க வந்த அதிகாரிகள் இதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது டப்பாவைத் தன் மேசைமேல் வைத்துக்கொள்கிறார். மதியத்துக்குள் புளித்துப் பொங்கிவிடுகிறது. மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார். ஏன் வாடை அடிக்கிறது என்று சகுந்தலா கேட்டால், பால் சரியில்லை என்கிறார்.