பச்சைப் பொத்தான்

"மேடம், என்னைப் பெரிய போன் குழுவுக்கு மாத்திவிடுங்க" என்றான் இசக்கிராஜ்.

ஜெசிந்தா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த போன் கம்பெனியில் மென்பொருள் எழுத அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

"இப்ப நீ பாக்குற சின்ன போனுக்கு என்ன குறை?"

"விமர்சனம் பாத்தீங்களா? மென்பொருள் அருமை, உள்ளே இருக்கிற சிப்தான் அரதப்பழசுன்னு எழுதியிருக்காங்க. நான் எவ்வளவு நல்லா எழுதினாலும் அது பின்னாடி இழுக்குது."

"உண்மைதானே."

"உண்மைதான். அதனாலதான் கேக்கேன்."

ஜெசிந்தா தட்டச்சைத் தொடர்ந்தார்.

"எங்க அக்கா இன்னைக்குப் போன் வாங்கப் போறா. நீ செஞ்சது எதுடா, அதையே வாங்குறேன்னு கேட்டா. சொல்ல வாய் வரல மேடம். அப்புறம் கூப்பிடுன்னு வச்சிட்டேன்."

ஜெசிந்தா எழுந்து போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் நான்கு போன்கள் இருந்தன. இரண்டு, விலை உயர்ந்த பெரிய போன்கள். இரண்டு, அவன் வேலை பார்க்கும் சின்ன போன்கள்.

"ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணுல உன் மென்பொருள். இன்னொண்ணுல, நீ வேண்டாம்னு தூக்கிப் போட்டியே, அந்தப் பழைய மென்பொருள். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். உன்னுது எதுன்னு சொல்லு. சொல்லிட்டா இப்பவே மாத்திவிடுறேன்."

"நான் எழுதினது எனக்குத் தெரியாதா?"

முதலில் பெரிய போன்கள். இரண்டிலும் கேமராவைத் திறந்தான். பாட்டை ஓடவிட்டான். வரைபடத்தையும் திறந்தான்.

ஜெசிந்தா தன் போனிலிருந்து ஒன்றை அழைத்தார். பிறகு மற்றதை. இரண்டிலும் மணி அடித்த உடனே பச்சைப் பொத்தான் வந்தது. இரண்டையும் தொட்ட உடனே எடுக்க முடிந்தது.

மறுபடியும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்த்தான்.

"இதுதான் மேடம். விரலை வச்சதும் எப்படி வழுக்கிட்டுப் போகுது பாருங்க!"

ஜெசிந்தா போனைத் திருப்பினார். பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் 'பழசு' என்று எழுதியிருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றார்.

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். இசக்கிராஜுக்குக் காது சுட்டது.

"அடுத்தது."

சின்ன போன்கள். கேமரா, பாட்டு, வரைபடம்.

முதல் போனில் மணி அடித்தது. திரையில் வரைபடம் அப்படியே நின்றது. விரலால் தட்டினான். மறுபடி தட்டினான். பச்சைப் பொத்தான் வரவே இல்லை. மணி அடித்து ஓய்ந்தது.

இரண்டாவது போனில் மணி அடித்தது. பாட்டு நின்றது. வரைபடம் ஒதுங்கியது. சற்று நேரம் திரையில் ஒன்றுமே இல்லை.

பிறகு பச்சைப் பொத்தான் வந்தது. தொட்டான்.

"ஹலோ" என்றார் எதிரில் நின்ற ஜெசிந்தா.

"இது என்னுது."

"பின்னாடி பாத்துட்டுச் சொல்லு."

"பாக்க வேண்டாம் மேடம்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னே."

"இது என்னுதுதான். காலேஜ் படிக்கும்போது என் போன்ல ஏதாவது திறந்திருந்தா வீட்டுல இருந்து கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. மணி மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால, யாராவது கூப்பிட்டா மத்ததெல்லாம் வழிவிடணும்னுதான் முதல் வரியே எழுதினேன்."

ஜெசிந்தா நான்கு போன்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"சரி, சின்னதுல கண்டுபிடிச்சிட்டே. பெருசுக்கு மாத்திவிடவா?"

அவன் வாய் திறப்பதற்குள் அவனுடைய போன் அடித்தது. அக்கா.

"ஏலே, கடையில நிக்கேன். எதை வாங்கட்டும்? கடைக்காரரு பெருசைத்தான் எடுத்து எடுத்துக் காட்டுதாரு. சின்னது ரொம்ப மெதுவாம்லா?"

இசக்கிராஜ் அடுக்கியிருந்த போன்களைப் பார்த்தான்.

"மெதுவாத்தான் இருக்கும்க்கா. சிப்பு பழசு."

"பெறகு?"

"ஆனா யாரு கூப்பிட்டாலும் எடுக்கலாம். சின்னதையே வாங்கு."

"அதுல நீ என்னலே செஞ்ச? இவரு கேக்காரு. சத்தமாச் சொல்லு, அவரு காதுல விழட்டும்."

அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி இசக்கிராஜ் சொன்னான்:

"அது நான் எழுதினதுக்கா!"