முதல் பந்தியில் ஒரு கேள்வி

அருவிமலை மடத்துக்கு ஏழு கிளைகள். கிளைக்குப் பொறுப்பாளரை அமர்த்த அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மதியம் முதல் பந்தி முடியும் நேரம், எல்லோரும் கை கழுவப் போகுமுன் குரு உலகநாதர், "யார் போறீங்க?" என்று கேட்பார். முதலில் எழுந்து நிற்பவருக்கே கிளை. படிப்பு பார்ப்பதில்லை, சாதி பார்ப்பதில்லை, ஆணா பெண்ணா என்றும் பார்ப்பதில்லை. மடத்துக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஆனால் ஏழு கிளையிலும் ஆண்களே இருந்தார்கள்.

எட்டாவது கிளை கடலோரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தோடு வரப்போகிறது என்று தெரிந்ததும் காந்திமதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதினெட்டு வருஷம் தலைமையாசிரியையாக இருந்துவிட்டுத் துறவுக்கு வந்தவள். குருவைவிட நான்கு வயது மூத்தவள். ஆசையை விடத்தான் வந்தாள், ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடம் அவளுக்கு வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும்.

நேரே குருவிடம் போனாள். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, ஏழுக்கு ஏழும் ஆம்பளைங்க. இது ஓரவஞ்சனை இல்லாம வேற என்ன?"

"இருக்கலாம். ஏழுங்கிறதை மட்டும் வச்சு எனக்குச் சொல்லத் தெரியலைம்மா. மடத்துல உங்களைத் தவிர இருக்கிற மூணு பொம்பளைங்களையும் கேட்டுப் பாருங்க."

மூவரும் கொதித்தெழுவார்கள் என்று நினைத்துத்தான் அடுக்களைக்குப் போனாள். பவளக்கொடி, சும்மா கொடுத்தாலும் தனக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்றாள். இசக்கியம்மாள் சிரித்தாள்; ஒரு குடும்பத்தைக் கட்டி மேய்த்தது போதாதா என்றாள். சொர்ணம் மட்டும் ஐந்தாவது கிளைக்குப் போக ஆசை இருந்ததாகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

காந்திமதிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரும்பி வந்து, மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பொறுப்பே வேண்டாமாம் என்று ஒப்புக்கொண்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அப்ப சொர்ணம் ஏன் எழுந்து நிக்கலை?" என்று குரு கேட்டார்.

"அதைக் கேக்கலை சாமி."

"சரி, போன தடவை நீங்க ஏன் நிக்கலை?"

"நான் அப்ப ரசம் ஊத்திக்கிட்டிருந்தேன்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. முதல் பந்தியில் பெண்கள் பரிமாறுவார்கள், இரண்டாம் பந்தியில் உட்காருவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. எப்போதோ அப்படி ஆகி, அப்படியே நடந்துகொண்டிருந்தது.

குருவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. அந்த முகத்தை அவள் அதற்குமுன் அவரிடம் பார்த்ததில்லை. வகுப்பில் கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் முதல் பந்தியில் நான்கு பெண்களையும் உட்காரச் சொல்லிவிட்டு, ரசவாளியைக் குருவே தூக்கினார். கடைசி இலை வரை ஊற்றி முடித்து, கரண்டியும் கையுமாகக் கேட்டார்.

"யார் போறீங்க?"

இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் தாணுமூர்த்தி, நல்ல மனிதர். இன்னொருத்தி காந்திமதி. சொர்ணம் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த ஆசை எப்போதோ ஆறிப்போயிருந்தது.

தாணுமூர்த்தி தான்தான் முதலில் எழுந்ததாகப் பணிவாகச் சொன்னார். அது உண்மைதான். அரை நொடி முந்திவிட்டார்.

"அந்த வழக்கம் நேத்தோட போச்சு. ரெண்டு பேரும் சாயங்காலம் வாங்க, பேசித்தான் முடிவு பண்ணணும்" என்றார் குரு.

பந்தி கலைந்தது. காந்திமதி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாமி, ஓரவஞ்சனையான்னு கேட்டேன். நீங்க பதிலே சொல்லலையே."

"ஏழு தடவையும் யார் எழுந்து நிக்கிறாங்கன்னு பார்த்தேன். வாளியோட முன்னாடியே நின்னவங்க என் கண்ணுல படவே இல்லை. அதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் பழக்கத்தில் ரசவாளியை வாங்க நீண்ட கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.