இணைச்சீருக்குப் போன பச்சை வண்டி

ஒரு ஊர்ல ஒரு கால் மடங்காத அக்கா இருந்தாளாம். எங்க, "ம்" கொட்டு. கொட்டுனாத்தான் கதை நகரும். இல்லீன்னா அத்தை எந்திரிச்சுப் போயி டிவி பாக்கப் போறேன்.

ம்... அப்படி.

அவ பேரு மயிலாத்தா. வாசப்படியில வழுக்கி விழுந்து, ஆப்பரேசன் எல்லாம் பண்ணி, வலது காலு நட்டு வெச்ச குச்சியாட்டம் நேரா நின்னு போச்சு. ஆனா வாய்க்கு ஒண்ணும் ஆகலை. கம்பு ஊணி நடப்பா, சமைப்பா, புருசனை நல்லா அதட்டுவா. பஸ்சுல உக்காரத்தான் முடியாது, காருக்குள்ள நுழையத்தான் முடியாது.

அவ வூட்டுக்காரன் நாச்சிமுத்து. சூலூர்ல வூட்டுக்கு முன்னாடியே தகர ஷெட்டு போட்டு, லேத்து மிஷின் வெச்சிருந்தான். இரும்புன்னா அவனுக்கு உசுரு. மயிலாத்தான்னா அதை விட உசுரு, ஆனா சொல்லத் தெரியாது.

அப்போ மயிலாத்தாளோட தம்பி மருதாசலத்துக்குக் காங்கயத்துப் பக்கம் கல்யாணம் முடிவாச்சு. நம்ம கல்யாணத்துல இணைச்சீர் உண்டில்ல? கூறைச்சேலையோட ஒரு முனை மாப்பிள்ளைகிட்ட, மறு முனை கூடப் பொறந்தவகிட்ட. அந்தச் சீர் ஆகாம தாலி கட்ட முடியாது. தம்பிய இடுப்புல தூக்கி வளத்தவ மயிலாத்தா. அவளுக்கு எப்படி இருக்கும்?

சொந்தக்காரங்க சொன்னாங்க, "பாவம், அவ எப்படி வருவா? அக்கா மொறைக்குப் பெரியப்பன் புள்ளைய உக்கார வெச்சுக்கலாம்." இன்னொருத்தர் சொன்னாரு, "ஆம்புலன்ஸ் வேணா வெச்சுக்கலாம்."

வந்துச்சு பாரு அவளுக்குக் கோவம்! "என்ற தம்பி கல்யாணத்துக்கு நான் ஆம்புலன்ஸ்லயா போயி எறங்குவேன்?" கத்திட்டு உள்ள போயி, முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுதா.

நாச்சிமுத்து நேரா கெளம்பிப் போனான். ரைஸ்மில்லுக்குப் பின்னாடி அந்தக் காலத்துப் பிக்கப் வண்டி ஒண்ணு கெடந்துச்சு. பானெட்டு மேல சுரைக்கொடி, சீட்டுல கோழி முட்டை. அதைக் கட்டி இழுத்துட்டு வந்து ஷெட்டுல நிறுத்தி, "மயிலு, உன்ற காலுக்கு அளவெடுத்து ஒரு வண்டி கட்டறேன்"னான்.

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்புறம் ஆரம்பிச்சுது. டொக்கு டொக்கு டொக்கு! தகரம் நிமுத்தறான். கிர்ர்ர்ர்! துரு தேய்க்கறான். சொய்ங்ங்! வெல்டிங். எஞ்சின் ஒரு பழைய ஜீப்போடது, கதவு வேற எதோடதோ. அவன் வண்டிக்குள்ள உக்காந்து வேலை செய்வான், மயிலாத்தா எதுத்தாப்புல சேர் போட்டு, காலை ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டு, அவரைக்காய் நறுக்கிக்கிட்டே அதிகாரம் பண்ணுவா.

"ஏனுங் மாமா, கிளிப்பச்சை அடிங்க."

"வண்டியா, கிளியா?"

"உக்காரப் போறது நானு."

கிளிப்பச்சைதான் அடிச்சான். வேற என்ன பண்ணுவான்?

அப்புறம் எஞ்சினை முடுக்குனான். கர்ர்... கர்ர்... புஸ்ஸு. பிளக்கை மாத்திட்டு முடுக்குனான். கர்ர்... டப்பு! ஒரே பொகை, வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்து போச்சு. எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டு மறுபடி மாட்டி முடுக்குனான். கர்ர்... புஸ்ஸு. தலையில கைய வெச்சு உக்காந்துட்டான்.

மயிலாத்தா அவரைக்காயில இருந்து தலையத் தூக்காமயே கேட்டா, "பெட்ரோல் குழாயைத் தெறந்தீங்களா?"

தெறக்கலை! தெறந்தான். டுபு டுபு டுபு டுபு! ஷெட்டே ஆடுச்சு. சிரிக்கறியா? சிரி சிரி.

அப்புறம் கல்யாணத்தன்னிக்குக் காலையில, மயிலாத்தா பட்டு கட்டி, தலை நெறைய பூ வெச்சுக்கிட்டு வந்தா. அவ காலை நீட்டிக்கறதுக்குன்னே முன்சீட்டுக்கு எதுக்க தகரத்தை வெட்டி, பொட்டியாட்டம் எடம் பண்ணி, மெத்தை எல்லாம் தெச்சு வெச்சிருந்தான். அவ உக்காந்தா. காலை நீட்டுனா. டங்கு!

எடம் இடது காலுக்கு இருக்குது. மடங்காதது வலது காலு.

என்னாச்சு தெரியுமா? எந்நேரமும் எதுத்தாப்புலயே உக்காந்திருந்தா இல்ல? எதுக்க உக்காந்தா அவளோட வலது காலு இவனுக்கு இடப்பக்கம்தான தெரியும்? அப்படியே பாத்து வெட்டிப்புட்டான். அவ காலுக்குன்னே கட்டுன வண்டியில அவ காலு போகலை.

"இத்தனை நாளா எதுக்கவே உக்காந்திருந்தேனே, என்ற காலை ஒழுங்காப் பாக்கலையா?"

"காலை எங்க பாத்தேன்? உன்ற மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன்."

மயிலாத்தா திட்ட வாயெடுத்தா. வெக்கத்துல மூஞ்சி செவந்து போச்சு.

"செரி செரி, நேரமாகுது. சீட்டைக் கழட்டிப் பின்னாடி போடுங்க."

அவ பக்கத்து முன்சீட்டைக் கழட்டிப் பின்தொட்டியில போல்ட் போட்டு முடுக்குனான். அவளை எப்படி அவ்வளவு உசரம் ஏத்தறது? ஷெட்டு உத்தரத்துல எஞ்சின் தூக்கற சங்கிலிக் கப்பி, செயின் பிளாக்கு, ஒண்ணு தொங்குச்சு. அதுல சேரோட அவளைக் கட்டி இழுத்தான். கடகட கடகட! "மொள்ள... மொள்ளங்க... நான் என்ன எஞ்சினா?" பொத்துன்னு தொட்டியில எறக்கி, சேர்ல இருந்து சீட்டுக்கு மாத்திட்டான்.

டுபு டுபு டுபுன்னு வண்டி போகுது. பட்டும் பூவுமா பின்னாடி நேரா உக்காந்திருக்கா மயிலாத்தா. பல்லடத்துல ரோட்டோரம் நின்னவங்க எல்லாம், ஏதோ கோயில் அம்மன் ஊர்வலம் போகுதுன்னு செருப்பைக் கழட்டிட்டுக் கும்புட்டாங்க. இவளும் சிரிக்காம கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிட்டே போனா.

ம்... கண்ணு சொக்குதா? இதோ மண்டபம் வந்துருச்சு.

அங்க போனா, ஏத்துனானே, எறக்கறது எப்படி? செயின் பிளாக்கு சூலூர்ல தொங்குது! அந்த மடையன் அதை நெனைக்கவே இல்லை. நாலு பேரு சேந்து தூக்கப் பாத்தாங்க. "ஐயோ, காலு!"ன்னு அலறிட்டா. விட்டுட்டாங்க.

உள்ள சீரை நடத்தற அருமைக்காரரு, "நேரமாகுதப்பா, பெரியப்பன் புள்ளையக் கூப்புடுங்க"ன்னாரு.

மயிலாத்தா சொன்னா, "பரவால்ல. நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்." சொல்லிட்டு முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. நாச்சிமுத்து வண்டிக் கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான், தலை நிமுரலை.

அப்போ மணவறையில இருந்து மருதாசலம் எந்திரிச்சான். மாலையும் கழுத்துமா, கூறைச்சேலையத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தான். எல்லாரும் "மாப்பிள்ளை எங்க போறாரு, மாப்பிள்ளை எங்க போறாரு"ங்கறாங்க. வேட்டிய மடிச்சுக் கட்டுனான், டயர் மேல காலை வெச்சான், ஒரே தாவு. வண்டி கிறீச்சுன்னு ஆடுச்சு.

"நகந்து உக்காருக்கா"ன்னான்.

அவ நகந்தா. அவன் பக்கத்துல உக்காந்தான். அருமைக்காரரு கொஞ்ச நேரம் மொறச்சுப் பாத்தாரு. அப்புறம் அவரும் ஏணி கேட்டாரு. மேளம் வெளிய வந்துச்சு. பீப்பீ... டும் டும் டும்! கிளிப்பச்சை வண்டிக்கு மேலயே இணைச்சீர் நடந்துச்சு. முன்சீட்டுல உக்காந்திருந்தா தம்பிக்கு எடமேது சொல்லு? நாச்சிமுத்து கண்ணைத் தொடச்சுக்கிட்டே, "அதுக்குத்தான் பின்னாடி சீட்டுப் போட்டேன்"னு எல்லார்கிட்டயும் அளந்து விட்டான்.

சீர் முடிஞ்சுது. ஆனா மயிலாத்தா சேலை முனைய விடவே இல்லை. இறுக்கிப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்கா.

மருதாசலம் அவ காதுகிட்டக் குனிஞ்சு சொன்னான், "விடுக்கா. நான் போயி தாலி கட்டோணும்."

வண்டி நின்னுருச்சு, கதையும் நின்னுருச்சு. நீ காலை நல்லா நீட்டிப் படுத்துத் தூங்கு, கண்ணு.