தலையணைக்கு அடியில் நீலம்

கல் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர், கற்றுக்கொடுத்தவரைவிட வயதில் மூத்தவர்.

கற்றுக்கொடுத்தவர் செலஸ்டின் டீச்சர். கான்வென்டில் கொஞ்ச காலம் விஞ்ஞானம் எடுத்தவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. திருச்சி பெரிய கடைவீதியின் பின்சந்தில் ஒரு மாடியறை. அங்கே உட்கார்ந்து, மண்ணில் விளைந்த ரத்தினக்கல் எது, உலையில் செய்த கல் எது என்று பார்த்துச் சொல்வார். சீடர் நெய்னா பாய், கீழக்கரைக்காரர். கொழும்பு ஜவுளிக்கடையில் ஆயுளைக் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு வாப்பாவின் கல் தொழில் மேல் ஆசை வந்து சேர்ந்தவர்.

கடைக்காரர்கள் கல்லைப் பஞ்சில் பொதிந்து, வாங்குகிறவரை நம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய காலம் அது. நீலக்கல் வாங்குகிறவர்கள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்து மூன்று ராத்திரி தூங்கிப் பார்ப்பார்கள். கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நல்லபடியாகத் தூங்கினால் கல் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம்.

அப்படி வைத்துப் பார்த்த ஒரு நீலத்தோடு சுகிர்தா என்ற பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. ராத்திரியானால் குழந்தை வீரிட்டு அழுகிறதாம். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறாராம். ஜோசியர் நீலம் கட்டச் சொன்னாராம், அதுவும் உலைக்கல் என்றால் பலிக்காதாம். அம்மா போட்ட இரண்டு வளையலைக் கொடுத்துத்தான் வாங்கவேண்டும். சொல்லும்போதே அவள் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கல்லை நெய்னா பாயின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதை நீங்க பாருங்க, பாய். நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க."

அதுவரை பாய் தானாக ஒரு கல்லைப் பற்றியும் முடிவு சொன்னதில்லை.

மறுநாள் டீச்சர் கதவைத் திறக்கும்போது பாய் மாடிப்படியில் காத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"அசல்தான், டீச்சர்."

"லென்ஸ் வச்சுப் பார்த்தீங்களா?"

"அவசியப்படலை."

"ஏன், கல்லே வாயைத் திறந்து சொல்லிடுச்சாக்கும்?"

பாய் சிரிக்கவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னார். இதிலெல்லாம் அவருக்கு நம்பிக்கை கிடையாது, சும்மாதான் தலையணைக்கு அடியில் வைத்தாராம். கனவில் கீழக்கரை வீடு வந்தது. இடித்துக் கட்டிய வீடு இல்லை, பழைய வீடு. முற்றத்தில் மழைத்தண்ணீர். அடுப்பில் வட்டலப்பம் வேகிற வாசனை. உம்மா அவர் தோளைத் தொட்டுப் பார்த்து, "ஈரச் சட்டையோட நிக்கிறியே வாப்பா, மாத்து" என்றார். அவர் கொழும்பில் இருந்தபோது ஊரில் மவுத்தாகி அடக்கமான உம்மா. முகம்கூட மறக்கத் தொடங்கியிருந்தது. குரல் எப்போதோ போய்விட்டது. அந்தக் குரல் அப்படியே வந்ததாம்.

"உலையில உருக்குன கல்லுக்கு இதெல்லாம் வருமா, டீச்சர்?"

டீச்சர் கல்லுக்குள் ஓடும் கோடு தெரிவதற்காக ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கிளிசரின் ஊற்றினார். அடியில் வெள்ளைக் காகிதம் வைத்தார். கல்லை உள்ளே போட்டு லென்ஸை பாயிடம் நீட்டினார்.

பாய் குனிந்தார். மண்ணில் வளர்ந்த நீலத்தில் நிறம் நேர்கோடாக ஓடி மூலை திரும்பும் என்று அவருக்குத் தெரியும். உலையில் உருக்கிச் சொட்டவிட்ட கல்லில் வளைந்து ஓடும், கிராமபோன் தட்டின் கோடு மாதிரி.

கல்லைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் பார்த்தார். எல்லாக் கோடும் வளைந்துதான் ஓடியது.

படியில் சுகிர்தாவின் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து நாற்காலியை பாய்க்கு விட்டுக்கொடுத்து, சுவரோரம் நின்றுகொண்டார்.

வளையலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள் சுகிர்தா. பாய் அந்த முடிச்சைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"உலைக்கல்லு, மகளே. வாங்காதே."

அவள் முடிச்சைப் பிடித்தபடி, "மூணு ராத்திரியும் பாப்பா அழவே இல்லையே, பாய்" என்றாள்.

பாய் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ தூங்குனியாம்மா?" என்று கேட்டார் டீச்சர்.

"தூங்குனேன், டீச்சர். கல்லு காவல் இருக்குதுன்னு அசந்து தூங்கிட்டேன். இல்லேன்னா எங்க தூங்குறது? மூச்சு வருதா, வருதான்னு விடிய விடிய அவ மூக்குல விரல் வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன். விரல் பட்டதும் அவளும் முழிச்சு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். தன் விரலைப் பார்த்தாள். தோளில் கிடந்த குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கை வழக்கம்போல அதன் மூக்கருகே போனது. போய், தொடாமல் திரும்பியது.

முடிச்சை அவிழ்த்து வளையலைப் போட்டுக்கொண்டாள். கடையில் திருப்பிக் கொடுக்கும்படி கல்லைப் பஞ்சில் சுற்றி டீச்சரே கொடுத்தார். இரண்டு பேரிடமும் சொல்லிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். குழந்தை விழித்துவிடாதபடி ஒவ்வொரு படியாக மெல்ல இறங்குவது மேலே கேட்டது.

பாய் நாற்காலியிலிருந்து எழவில்லை. கல் இல்லாத கிளிசரின் கிண்ணம் அவர் முன்னால் இருந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க, பாய்."

"கல்லு பொய்யின்னா, அப்ப உம்மா வந்தது?"

டீச்சர் கிண்ணத்தை எடுத்துக் கழுவினார். துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பொண்ணு சோதிக்கச் சொல்லிக் கொடுத்தது கல்லை மட்டும்தான், பாய்."