குனிந்த மொழி

பினாங்குக் கப்பல்துறைக்குப் பின்னால், ஊர் திரும்ப முடியாத கிழவர்களுக்கு ஒரு விடுதி இருந்தது. அதை நடத்தியவர் கையில் எப்போதும் ஒரு செம்பு இருக்கும். கேட்காதவருக்கும் தண்ணீர் கொடுப்பார். தன் பெயரை யாருக்கும் சொன்னதில்லை. செம்புச்சாமி என்றார்கள்.

அவரிடம் சீடராக வந்தவர் திருமேனி. குருவைவிடப் பத்து வயது மூத்தவர். துறைமுகத் தொழிலாளருக்காகப் பதினோரு ஆண்டு சிறையில் இருந்தவர். பள்ளிக்கூடம் போகாமல், துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்துக் கற்றவர். ஒரு காலத்தில் அவர் கை தூக்கினால் கிரேன்கள் நின்றன. இப்போது கிரேன்கள் அவரைக் கேட்காமல் ஓடின. அவருக்கு மாலை போட்டவர்கள் எட்டு ஆண்டுகளாக அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை.

அந்த ஆண்டு மே தினத்துக்குக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம்.

திருமேனி நான்கு பக்கம் எழுதிக்கொண்டு குருவிடம் வந்தார்.

"தலைப்பு என்ன?" என்றார் குரு.

"குனிந்த மொழி. பஷ்தோவையும் ஜாவா மொழியையும் ஒப்பிட்டிருக்கேன். பஷ்தோ ஒரு பட்டாணி ஜெயில் வார்டர்கிட்ட கத்துக்கிட்டது. ஜாவாப் பேச்சு தோட்டத்துக் கூலிக்காரங்க லயத்து வீடுகள்ல."

"ஒப்பிட்டு என்ன கண்டீங்க?"

"பட்டாணியன் மொழியில ஊர்த்தலைவனுக்கும் ஆடு மேய்க்கிறவனுக்கும் ஒரே பேச்சு. ஜாவாக்காரனுக்குச் சோத்துக்கே ரெண்டு சொல்லு. மேலே இருக்கறவன்கிட்ட பேச ஒண்ணு, கூடப் பழகுறவன்கிட்ட பேச ஒண்ணு. முதுகு வளையறதுக்கு முன்னாடி நாக்கு வளையுது. சரிதானே?"

குரு செம்பை நீட்டினார்.

"நம்மகிட்டயே ரெண்டு பேர் இருக்காங்க. வாசல்ல பட்டாணியர் குல்பாஸ் கான். பின்கட்டுல ஜாவாக்காரர் பைமான். ஏழு நாள் அவங்களுக்குத் தண்ணி கொடுங்க. அப்புறம் சொல்றேன்."

"கேள்வி கேட்டா வேலை வாங்குறீங்க. முதலாளி தோத்தான்."

"முதலாளி கூலி கொடுப்பான். நான் அதுவும் கொடுக்க மாட்டேன்."

குல்பாஸ் கான் கிடங்குக் காவலராக இருந்தவர். கண் மங்கிவிட்டது. வாசலில் யாருடைய காலடி கேட்டாலும், "ஸ்தடே மஷே" என்பார். களைத்துப் போகாதே என்று பொருள். கேட்டவர், "க்வார் மஷே" என்று சொல்ல வேண்டும். நீ கதியற்றுப் போகாதே என்று பொருள். அதுதான் அவர்கள் வழக்கம். அந்த விடுதியில் அது யாருக்கும் தெரியாது. கான் சற்று நேரம் காத்திருப்பார். பிறகு அந்தப் பதிலையும் தானே மெதுவாகச் சொல்லிக்கொள்வார்.

திருமேனிக்குத் தெரியும். சிறை வார்டர் பதினோரு ஆண்டும் காலையில் இதைத்தான் சொன்னான். பூட்டுகிறவனுக்குப் பதில் இல்லை என்று அவர் அன்றே முடிவு செய்திருந்தார். இப்போதும் தண்ணீரை வைத்துவிட்டு நகர்ந்தார்.

பைமான் ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். ஒரு காலை எடுத்துவிட்டார்கள். தலை தாழ்த்தித் தண்ணீரை வாங்கினார். உயர்ந்த சொல்லில் நன்றி சொன்னார்.

"நான் துரை இல்ல, தோழன்" என்று ஜாவா மொழியில் சொன்னார் திருமேனி. "என்கிட்ட சாதாரணமாப் பேசுங்க."

பைமான் பதறினார். இன்னும் உயர்ந்த சொல்லில் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் திருமேனி குரலை உயர்த்தி அதையே சொன்னார். அதன் பிறகு பைமான் பேசவே இல்லை. மூன்று நாள் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள் காலை பின்கட்டில் ஒரு குரல் கேட்டது. "எங்கடா சுத்தினே? சாப்பிட்டியா? வா, இங்கே படு." எல்லாம் தாழ்ந்த சொல். முப்பது வயதுக்காரனின் குரல் போல இருந்தது. திருமேனி எட்டிப் பார்த்தார். பைமானின் மடியில் ஒரு நொண்டிப் பூனை கிடந்தது.

அவரைக் கண்டதும் பைமான் கைகுவித்தார். பூனை இறங்கிப் போயிற்று.

ஏழாம் நாள் திருமேனி குருவின் முன் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க" என்றார் குரு.

"பைமானுக்கு மனைவி இருந்திருக்கா. தம்பி இருந்திருக்கான். ரெண்டு பேரும் லயத்துலயே போயிட்டாங்கன்னு சமையல்காரர் சொன்னார். அந்தக் கீழ்ச்சொல்லு அவங்களுக்கு உள்ளது. இப்ப பூனைக்கு. அதை நான் அதிகாரம் பண்ணிக் கேட்டேன்."

"கான்?"

"அவருக்கு ஒரே சொல்லு. எல்லாருக்கும் சொல்றாரு. திருப்பிச் சொல்ல ஆளில்ல."

"உங்களுக்குத் தெரியுமே."

திருமேனி காகிதத்தை மடித்தார், பிரித்தார்.

"அப்ப ரெண்டுல எது உயர்ந்தது?" என்றார்.

"உங்களை என்னன்னு கூப்பிடுறாங்க?"

"தோழர். தலைவர். முதுகுக்குப் பின்னால பெருசு."

"வாடா போடான்னு யாராவது?"

திருமேனி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒருத்தன் இருந்தான். சாத்தையன். ஒரே கப்பல்ல வந்தோம். துரை முன்னாடி கைகட்டி நின்னான்னு சங்கத்தை விட்டு நீக்கினேன். துண்டறிக்கையும் நானே எழுதினேன்."

"தலைப்பு?"

"குனிந்தவன்."

குரு செம்பைக் கீழே வைத்தார்.

"துறைமுகம் முழுக்க ஒட்டினோம்" என்றார் திருமேனி. "அவன் வீட்டுக் கதவுலயும்."

"எதுக்காகப் போய்க் கைகட்டினார்?"

வெளியே ஒரு கப்பல் ஊதியது.

"நான் லாக்கப்புல இருந்தேன். எனக்கு ஜாமீன் கேட்டு."

"இப்ப எங்கே?"

"செத்துப் பதினாலு வருஷம். எனக்குச் சொல்லி அனுப்பலை. ஏன் அனுப்பணும்?"

அவர் நான்கு பக்கங்களையும் குருவின் முன் வைத்தார். குரு அவற்றைத் தொடவில்லை. எழுந்து போய்ச் செம்பை நிரப்பிக்கொண்டு வந்தார். இரு கையாலும் நீட்டினார். ஒரு நாளும் அவர் திருமேனியை நீங்கள் என்று தவிர அழைத்ததில்லை.

"வாசலுக்குப் போடா" என்றார். "கான் சொல்வார். இன்னிக்காவது பதில் சொல்லு."