குவான்சோவில் கேட்ட தமிழ்

"அடிகளே, இந்த ஊரை விட்டு எப்போது கிளம்புவோம்?" என்று கேட்டார் கூத்தனார்.

"காற்று திரும்பட்டும்" என்றார் போதிபாலர்.

குவான்சோ சீனத்தின் பழைய துறைமுக நகரம். நாகப்பட்டினத்திலிருந்து வந்த இருவரும் அங்கே கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். கூத்தனார் துணி வியாபாரத்தை விட்டுவிட்டுப் போதிபாலரிடம் துறவுக்கு வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

லின் என்ற விதவை அவர்களுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்திருந்தாள். காலையும் மாலையும் கஞ்சி வைப்பாள். எதிரே உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அரிசி கழுவின தண்ணீரைச் சுடவைத்து ஊற்றுகிறாள்" என்பார் கூத்தனார், அவளைப் பார்த்துச் சிரித்தபடியே. "மூஞ்சியைப் பாருங்கள். வேகாத கொழுக்கட்டை."

லின்னும் சிரிப்பாள். இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவாள்.

போதிபாலர் எதுவும் சொல்லாமல் சாப்பிடுவார்.

கோபுரங்கள், கடைத்தெரு, கல் பாலம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கூத்தனார் குறை சொல்வார். லின் அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கூத்தனாருக்குக் காய்ச்சல் கண்டது. அடிகள் துறைமுகத்துக்குப் போயிருந்தார். லின் கஷாயம் கொண்டுவந்தாள்.

"எழுந்து உட்காருங்கள். ஆறிவிடும்" என்றாள்.

கூத்தனார் வாங்கிக் குடித்தார். பாதி குடித்த பிறகுதான் அவள் பேசியது தமிழ் என்று உறைத்தது.

கிண்ணத்தை வாயிலிருந்து எடுத்தார்.

"உனக்கு... உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"என் வீட்டுக்காரர் நாகப்பட்டினத்துக்காரர். இந்த வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசினோம். அவர் போன பிறகு என்னோடு பேச ஆள் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் கூட்டிவந்து தங்கவைப்பேன். காதில் விழட்டுமே என்றுதான்."

"முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தால் நீங்கள் பார்த்துப் பார்த்துப் பேசியிருப்பீர்கள். எனக்கு வீட்டில் பேசுகிற பேச்சுதான் வேண்டியிருந்தது."

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கோபமாகப் போகவில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

காய்ச்சலோடு துறைமுகத்துக்கு ஓடினார். குருவிடம் நடந்ததைச் சொன்னார்.

போதிபாலர் கடல் பக்கம் திரும்பினார்.

"நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன், கூத்தனாரே" என்றார். "ஒரு நாளாவது உம்மைத் தடுத்தேனா?"

கூத்தனார் நிமிர்ந்து பார்த்தார். குருவின் முகமும் சிறுத்திருந்தது.

"வேறு இடம் பார்ப்போம், அடிகளே."

"ஏன் போனோம் என்று அவளுக்குத் தெரியாதா?"

"அப்படியானால் காலில் விழுகிறேன்."

"விழுவீர். அப்புறம்?"



"கப்பல் கிளம்பும்வரை அந்த வீட்டில் வாயே திறக்க மாட்டேன். மௌன விரதம். இந்த நாக்குக்கு அதுதான் தண்டனை."

"அவள் கேட்டது ஒன்றே ஒன்று" என்றார் போதிபாலர். "அதையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறீரா?"

கூத்தனார் திரும்பி நடந்தார்.

லின் அடுப்படியில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

கூத்தனார், "எங்கள் ஊரில் இப்போது நாற்று நடுவார்கள்" என்றார். "வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும். கொக்கு வந்து..."

லின் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்" என்றாள்.